பழைய செங்கல் வீட்டைக் காப்பாற்றுவது: கபேஜ்ரவுனில் கற்றவை

ரொறன்ரோவில் பழைய வீடு வாங்குகிற எங்கள் ஆட்கள் இப்போது கூடிவிட்டார்கள். பெற்றோர் ஸ்காபரோவுக்கும் மார்க்கத்துக்கும் போய் வீடு வாங்கினார்கள். பிள்ளைகளோ வேலைக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்று நகரத்துக்குள் திரும்பி வருகிறார்கள். அவர்களில் யாராவது என்னைப் பிடித்துக் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "அண்ணை, நூற்றிமுப்பது வருசத்து வீடாம். வாங்கினால் தாங்குமோ?" தாங்கும். அது எத்தனையோ பனிக்காலத்தைத் தாங்கித்தான் நிற்கிறது. தண்ணீர் எங்கே இருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கவனித்துக்கொண்டால் இன்னும் கனகாலம் நிற்கும். இங்கே நான் சொல்லப் போவதெல்லாம் சுற்றிச் சுற்றி அந்தத் தண்ணீரில்தான் வந்து நிற்கும்.

எனக்கு இந்த வீடுகளோடு பழக்கம் வந்தது ரொறன்ரோ நகரத்துக்குள் இருக்கிற கபேஜ்ரவுன் என்கிற பழைய வட்டாரத்தில். எண்பதுகளின் கடைசியில் கனடாவுக்கு வந்த எங்களில் கனபேரைப் போல நானும் முதலில் இருந்தது சென் ஜேம்ஸ் ரவுன் அடுக்குமாடியில். வெலஸ்லி வீதியும் பார்லிமென்ற் வீதியும் சந்திக்கிற மூலைக்குப் பக்கம். அந்தச் சந்தியைக் கடந்து தென்கிழக்காக இறங்கினால், அடுக்குமாடிகளின் நிழல் முடிகிற இடத்திலேயே சிவப்புச் செங்கல் வீடுகள் தொடங்கிவிடும். அங்கே பழைய சுவர்கள் திருத்துகிற ஒரு இத்தாலிய மேசனிடம் உதவியாளாகச் சேர்ந்தேன். சாந்து குழைப்பதும், வாளி தூக்குவதும், சாரம் கட்டுவதும் என் வேலை. பிறகு மெல்ல மெல்லக் கரண்டியும் கைக்கு வந்தது. இன்றைக்கும் என் சாப்பாடு அந்தச் சுவர்களில் இருந்துதான் வருகிறது.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மேற்கே பார்லிமென்ற் வீதி, கிழக்கே டொன் பள்ளத்தாக்கு, வடக்கே வெலஸ்லி, தெற்கே ஜெராட் என்று சுமாராக எல்லை வைத்துக்கொள்ளலாம். 1840களில் பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ் மக்கள் வீட்டு முன்றலில் கோவா (கபேஜ்) நட்டார்களாம், அதில் வந்த பெயர் என்று சொல்வார்கள். ஆனால் அந்தப் பழைய கபேஜ்ரவுன் ஜெராட் வீதிக்குத் தெற்கே இருந்தது. 1940களின் கடைசியில் அதை இடித்துத்தான் ரீஜென்ற் பார்க் குடியிருப்பைக் கட்டினார்கள். இன்று நாங்கள் கபேஜ்ரவுன் என்று சொல்கிற இடத்துக்கு அப்போது டொன் வேல் என்று பெயர். 1960களில் அதன் வடக்குப் பக்கத்தில் சென் ஜேம்ஸ் ரவுன் எழும்பியது. நான் வந்திறங்கி முதலில் படுத்துறங்கிய அந்த அடுக்குமாடிகளுக்கு இடம் எடுக்க இடித்தவை இதே மாதிரியான வீடுகள்தான். மேசன் ஐயா அதை எனக்குச் சொன்ன நாளில் இருந்து, கையில் அகப்படுகிற ஒரு பழைய செங்கல்லையும் குப்பையில் போட எனக்கு மனம் வருவதில்லை.

டொன் வேலையும் இடித்துப் புதுப்பிக்கிற திட்டம் மாநகரசபையிடம் இருந்தது. அங்கே குடியிருந்தவர்கள் கூட்டம் போட்டு, சங்கம் அமைத்து எதிர்த்தார்கள். 1969 மாநகரசபைத் தேர்தலில் ஜோன் சுவெல், கார்ல் ஜாஃபரி போன்றவர்கள் இந்தச் சண்டைகளின் தோளில் ஏறித்தான் உள்ளே போனார்கள். சுவெல் பிறகு மேயராகவும் வந்தார். இன்று அங்கே நடந்துபோகிறவர்கள் அழகை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்த மனிதர்கள் மாலை வேளைகளில் வேலை முடிந்து வந்து கூட்டங்களில் குந்தியிருக்காவிட்டால் பார்ப்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

சரி, வீட்டுக்கு வருவோம். அங்கே அதிகம் காண்பது பே அண்ட் கேபிள் என்கிற ரொறன்ரோவுக்கே உரிய கட்டு. பெரும்பாலும் 1870களில் இருந்து 1890கள் வரை கட்டியவை. காணி ஒடுக்கம், நீளம் அதிகம். இரண்டு வீடுகள் ஒரு நடுச்சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு ஒட்டி நிற்கும். முகப்பின் ஒரு பாதியில் கதவு. மறு பாதியில் சுவர் வெளியே தள்ளிக்கொண்டு வந்து, மூன்று பக்கமும் யன்னலோடு இரண்டு மாடி உயரத்துக்கு ஏறி, உச்சியில் கூரான முக்கோண முகட்டில் முடியும். அந்த முகட்டு ஓரத்தில் மரவேலைப்பாடு. பக்கச் சுவரில் யன்னல் வைக்க இடமில்லாத வீட்டுக்கு வெளிச்சம் கொண்டுவர அந்தக் காலத்துக் கொத்தனார்கள் கண்டுபிடித்த வழி இது. பின்பக்கம் வீடு ஒடுங்கிப் போவதற்கும் காரணம் இருக்கிறது: நடு அறைக்கும் ஒரு யன்னல் கிடைக்க வேண்டும். வெறும் அலங்காரம் என்று நினைத்து இவற்றில் ஒன்றை மாற்றினால் உள்ளே ஒரு அறை இருண்டுவிடும்.

இப்போது சுவர். நான் கற்றதில் முக்கியமானது இதுதான், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு வசந்த காலத்தில் மெற்காஃப் வீதிப் பக்கம் ஒரு வீட்டு முகப்பைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். படிக்கட்டுக்குப் பக்கத்துச் சுவரில் செங்கற்களின் முகம் உதிர்ந்து கொட்டிக்கொண்டிருந்தது. கீழே செம்மண் போலத் தூள். ஆனால் கற்களுக்கு நடுவே இருந்த சாந்து மட்டும் சாம்பல் நிறத்தில் கெட்டியாக, விளிம்பு கூர்மையாக, உதிர்ந்த கல்லைவிட முன்னுக்கு நீட்டிக்கொண்டு நின்றது. முன்பு இருந்த யாரோ சீமெந்து வைத்துப் பூசியிருக்கிறார்கள். மேசன் ஐயா ஒன்றும் பேசவில்லை. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து சுவரில் கொஞ்சம் ஊற்றினார். செங்கல்லில் பட்ட தண்ணீர் உடனே உள்ளே போய்க் கருஞ்சிவப்பாக ஒரு திட்டு வந்தது. சீமெந்தில் பட்டது வழுக்கி இறங்கியது. பிறகு பக்கத்து வீட்டுச் சுவருக்கு என்னைக் கூட்டிப்போய் அங்கே இருந்த பழைய சாந்தை வீட்டுத் திறப்பால் (சாவியால்) கீறச் சொன்னார். வெள்ளையாக மாவு மாதிரி வந்தது. அந்தச் சுவரில் ஒரு கல்லும் உடையவில்லை. "மென்மையான சாந்து தோற்கட்டும். கல் தோற்கக்கூடாது" என்றார்.

விசயம் இவ்வளவுதான். அந்தக் காலத்துச் செங்கல் வெளியே சூளையில் நன்றாக வெந்த ஒரு தோலும் உள்ளே மென்மையும் உள்ளது. அதை ஒட்டியது சுண்ணாம்புச் சாந்து. மழையும் உருகிய பனியும் சுவருக்குள் போவதைத் தடுக்க முடியாது. போன ஈரம் மென்மையான சுண்ணாம்பு வழியாக வெளியே வந்து காய்ந்துவிடும். சீமெந்தால் அந்த வழியை அடைத்தால் ஈரம் கல்லின் முகத்தால்தான் வெளியே வர வேண்டும். ரொறன்ரோக் குளிர் ஒரே அடியாக உறைந்து கிடக்கிற குளிர் இல்லை, பகலில் உருகி இரவில் உறைகிற குளிர். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருகும். கல்லின் தோலுக்குப் பின்னால் அது நடந்தால் தோல் கழன்று விழும். தோல் போன கல் இன்னும் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், அடுத்த பனிக்காலத்தில் இன்னும் ஆழமாக உடையும்.

ஆகவே சாந்து புதுப்பிக்க ஆள் பிடிக்கும்போது முதல் கேள்வி: "என்ன சாந்து வைக்கப் போகிறீர்கள்?" பையில் கலந்து வருகிற சீமெந்துச் சாந்து என்று பதில் வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். சுண்ணாம்பு என்று சொன்னால் அடுத்த கேள்வி: பழையதை எதால் எடுப்பீர்கள்? சுழலும் வெட்டு இயந்திரம் கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். உளியும் சுத்தியலும் மெதுவான வேலை, கூலியும் கூட. ஆனால் வெட்டிய கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது. இடுக்கின் அகலத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ஆழத்துக்குப் பழையதை எடுத்து, தூசி ஊதி, சுவரை நனைத்துவிட்டுத்தான் புதிய சாந்து வைக்க வேண்டும். நாங்கள் நீற்றிய சுண்ணாம்புக் களி ஒரு பங்குக்கு மணல் மூன்று பங்கு கலப்போம். சில வீடுகளில் அந்தக் காலத்திலேயே சாந்துக்குச் செந்நிறம் கலந்திருப்பார்கள். அதைப் பார்த்து மணலையும் நிறத்தையும் பொருத்த வேண்டும்.

சுண்ணாம்பு காற்றில் இருக்கிற கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும். அதற்கு நாளெடுக்கும், அதுவரை ஈரச் சாக்குப் போட்டு மூடி, வெயிலில் காயாமல் பார்க்க வேண்டும். உறைபனி வருவதற்குக் கன நாள் முன்பே வேலை முடிந்திருக்க வேண்டும். ஒக்ரோபர் கடைசியில் வந்து "இப்போதே செய்து தருகிறோம்" என்று சொல்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள். அடுத்த மே மாதம் வரை பொறுத்திருக்கலாம். எனக்கு இந்த வேலை சீக்கிரம் பிடிபட்டதற்கு ஒரு காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் எங்கள் பாட்டனாரின் நாற்சார் வீடும் (நடுமுற்றம் வைத்த வீடு) சுண்ணாம்புக் கட்டுத்தான். ஊரில் சுண்ணாம்பு நீற்றுகிற மணத்தை அறிந்தவனுக்கு ரொறன்ரோவில் அந்த வாளியைத் திறந்தபோது யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

சுவர் பற்றி இன்னும் இரண்டு விசயம். நிலக்கரிப் புகையால் கறுத்த கல்லையும் பழைய பெயின்ற்றையும் போக்க எழுபதுகளில் கனபேர் மணலை வேகமாக வீசியடித்துச் சுத்தம் செய்தார்கள். கல் பளிச்சென்று வந்தது, தோலும் போனது. கையால் தடவிப் பாருங்கள், உப்புக் காகிதம் போலச் சொரசொரப்பாக இருந்தால் அந்த வீட்டுக்கு இது நடந்திருக்கிறது. அப்படியான சுவருக்குச் சாந்தும், கூரைத் தண்ணீரை வாங்கி இறக்குகிற பீலியும் மற்ற வீடுகளைவிட இருமடங்கு கவனத்தோடு பார்க்க வேண்டும். மற்றது, செங்கல்லுக்கு மேல் பிளாஸ்ரிக் தன்மையான பெயின்ற்றோ "தண்ணீர் புகாது" என்று விற்கிற திரவமோ பூசாதீர்கள். வெளியே இருந்து வருகிற தண்ணீரைக் கொஞ்சம் தடுக்கும், உள்ளே போன தண்ணீரை முழுதாகச் சிறை வைக்கும்.

பீலியைப் பற்றிப் பேச யாருக்கும் ஆசை இருப்பதில்லை. ஆனால் நான் பார்த்த பாழான சுவர்களில் பாதிக்கு மேல் பீலியில் தொடங்கியவை. அந்த வீதிகளில் பெரிய பெரிய மேப்பிள் மரங்கள். நவம்பரில் கடைசி இலையும் விழுந்த பிறகு பீலி துப்புரவாக்க வேண்டும். ஒக்ரோபரில் செய்தால் திரும்பவும் நிரம்பிவிடும். நல்ல மழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எந்த மூலையில் தண்ணீர் சுவரோடு வழிகிறது, பீலிக் குழாய் எங்கே கொட்டுகிறது என்று அந்தப் பத்து நிமிடத்தில் தெரிவது வேறு எந்தப் பரிசோதனையிலும் தெரியாது. பீலிக் குழாயை நிலத்தடிச் சாக்கடையில் இருந்து கழற்றச் சொல்லி ரொறன்ரோ மாநகரசபை சட்டம் வைத்திருக்கிறது. கழற்றுவது சரி, ஆனால் அந்த வாயை அத்திவாரத்துக்குக் கிட்ட விட்டால் தண்ணீர் நேரே பேஸ்மென்ற்றுக்குள் வரும். ஆறடி தூரமாவது தள்ளிக் கொட்ட வேண்டும், நிலமும் வீட்டை விட்டு வெளியே சரிந்திருக்க வேண்டும். பழைய சுட்டமண் கழிவுக் குழாய்க்குள் மரவேர் புகுந்திருப்பதும் அங்கே சாதாரணம். வாங்க முன் கமெரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பனிக்காலத்தில் கூரை ஓரத்தில் பெரிய பெரிய பனிக்கட்டி ஈட்டிகள் தொங்கினால் முகட்டறை வழியாக வெப்பம் போகிறது என்று அர்த்தம். கூரைப் பனி அடியில் உருகி, ஓரத்தில் திரும்ப உறைந்து, தேங்கிய தண்ணீர் சுவருக்குள் இறங்கும். ஆகவே வெப்பக் காப்புக்குச் செலவழிக்கிற முதல் காசு முகட்டுக்குப் போகட்டும். செங்கல் சுவரின் உட்பக்கத்தில் நுரை அடித்து நிரப்பலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். வீட்டுச் சூடு கல்லுக்குப் போகாமல் நின்றால் கல் இன்னும் குளிர்ந்து, காயாமல் கிடக்கும். கட்டடத்து ஈரத்தைப் படித்த ஒருவரிடம் கேட்காமல் அதைச் செய்யவே வேண்டாம்.

பழைய யன்னல்களை எல்லாரும் முதல் நாளே கழற்றி எறியப் பார்க்கிறார்கள். மேலும் கீழும் தள்ளுகிற அந்த யன்னலின் பக்கச் சட்டத்தில் ஒரு சிறிய மரத்துண்டு ஆணியால் பிடித்திருக்கும். அதை எடுத்தால் உள்ளே உருளையான இரும்புப் பாரம் ஒன்று கயிற்றில் தொங்குவது தெரியும். கப்பி இறுகி, கயிறு அறுந்து போனதால்தான் யன்னல் திறக்க மறுக்கிறது. பத்து டொலர் கயிறும் ஒரு பிற்பகலும் அதற்குப் போதும். அந்த மரம் பழைய காட்டுப் பைன், வளையங்கள் நெருக்கமாக இருக்கும், அப்படியான மரம் இன்று கடையில் கிடையாது. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த புட்டிப் பசையால் கண்ணாடியைத் திரும்ப இறுக்கி, வெளியே இரண்டாவது கண்ணாடிச் சட்டம் ஒன்று பொருத்தினால் குளிர் கன அளவுக்கு அடங்கிவிடும். ஒன்று கவனம்: பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கும். காய்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். சின்னப் பிள்ளைகளோ கர்ப்பிணிகளோ உள்ள வீடென்றால் அந்த வேலையை முறையாகச் செய்கிறவர்களிடம் விடுங்கள்.

மின்சாரத்தில் பீங்கான் குமிழில் கட்டி இழுத்த பழைய வயர் இருந்தால் காப்புறுதிக் காரர்கள் கரைச்சல் கொடுப்பார்கள். விலை பேசும்போதே அந்தச் செலவைக் கழியுங்கள். தண்ணீர்க் குழாய் பேஸ்மென்ற்றுக்குள் வருகிற இடத்தில் ஒரு நாணயத்தால் கீறிப் பாருங்கள். மங்கின சாம்பல் நிறம் கீறியவுடன் வெள்ளி போல மின்னினால், காந்தமும் ஒட்டாவிட்டால், ஈயக் குழாய். 1950களின் நடுப்பகுதிக்கு முன் கட்டிய வீடுகளில் இது இருக்க வாய்ப்புண்டு. உங்கள் பக்கத்துக் குழாயை நீங்கள் மாற்றினால் வீதிப் பக்கத்தை மாநகரசபை மாற்றித் தருகிற திட்டம் இருக்கிறது.

மரபுரிமைச் சட்டம் என்றவுடன் பயப்படுகிறவர்கள் அதிகம். "ஆணி அடிக்கவும் விடமாட்டாங்களாம் அண்ணை" என்று என்னிடமே ஒரு தம்பி சொன்னார். ஒன்ராறியோ மரபுரிமைச் சட்டம் 1975இல் வந்தது. அதன் கீழ் 2000களில் கபேஜ்ரவுனின் பகுதிகள் ஒவ்வொன்றாக மரபுரிமைப் பாதுகாப்பு வட்டாரங்கள் ஆகின. அந்த வட்டாரத்துக்குள் பெரும்பாலும் பார்ப்பது வீட்டின் வெளிப்பக்கத்தை, அதுவும் வீதியில் இருந்து தெரிகிறதை. குசினியை எப்படி மாற்றினாலும் அவர்கள் கேட்பதில்லை. மரவேலைக்குப் பெயின்ற் அடிப்பதற்கும், இருப்பதை இருந்தபடியே திருத்துவதற்கும் மரபுரிமை அனுமதி தேவையில்லை. யன்னல் வாயை அகலமாக்குவது, முன் விறாந்தையை மாற்றுவது, கூரையில் புதிதாக ஒன்று எழுப்புவது போன்றவற்றுக்குத்தான் அனுமதி. இதைவிட, தகுதியான பாதுகாப்பு வேலைக்கு மதிப்பிட்ட செலவில் பாதி வரை மாநகரசபை மானியம் கொடுக்கிறது. வேலையைத் தொடங்க முன்னமே விண்ணப்பிக்க வேண்டும். கனபேர் சாரம் கட்டிய பிறகுதான் விசாரிக்கிறார்கள்.

ஒரு விசயம் என் மனதைக் குடைந்துகொண்டே இருக்கும். ஒருமுறை வீடொன்றில் உள்ளே பூச்சு வேலை செய்தபோது பார்த்தேன், மேல்மாடி அறைக்கதவுகள் ஒவ்வொன்றிலும் தனிப் பூட்டு இருந்த துளையை மரத்துண்டு வைத்து அடைத்த தழும்பு. 1930களின் பொருளாதார மந்தத்துக்குப் பிறகு இந்தப் பெரிய வீடுகள் பல அறை அறையாக வாடகைக்குப் போயின. தொழிலாளர்கள், தனித்தவர்கள், ஓய்வூதியத்தில் இருந்தவர்கள் ஒரு அடுப்போடு ஒரு அறையில் வாழ்ந்தார்கள். எழுபதுகளில் காசுள்ளவர்கள் வாங்கித் திருத்தத் தொடங்கியதும் அந்த அறைவாசிகள் ஒவ்வொருவராக வெளியேற வேண்டியதாயிற்று. இடிபடாமல் வீடுகளைக் காப்பாற்றிய அதே ஊர் அந்த மனிதர்களைக் காப்பாற்றவில்லை. இன்று சில வீடுகளின் முன்னால் அங்கே வாழ்ந்த பெயர்பெற்றவர்களைப் பற்றிப் பலகை வைத்திருக்கிறார்கள், நல்ல காரியம். அறைவாசிகளுக்கும் ஒரு பலகை வேண்டும் என்பது என் விருப்பம். நாங்களும் முதலில் ஒரு அறைக்குள் ஐந்தாறு பேராகத்தானே இந்த நகரத்தில் தொடங்கினோம்.

நடந்து பார்க்க வருகிறவர்கள் கோடையில் வராதீர்கள் என்பேன். இலைகள் முகப்பை மறைத்துவிடும். ஏப்ரல் நடுப்பகுதியோ நவம்பர் நடுப்பகுதியோ நல்லது. வின்செஸ்ரர் வீதியில் தொடங்கி மெற்காஃப் வீதியின் இரும்பு வேலிகளைப் பார்த்து, ஆல்ஃபா அவெனியூவின் சின்னஞ்சிறு தொழிலாளர் வீடுகளுக்குப் போங்கள். பெரிய வீடுகளை மட்டும் பார்த்துவிட்டு இந்தக் குறுகிய ஒழுங்கையை விட்டுவிடுகிறார்கள். அங்கிருந்து வின்செஸ்ரர் வீதியும் சூமாக் வீதியும் சந்திக்கிற இடத்துக்குப் பக்கம் நெக்ரோபொலிஸ் மயானம். 1850இல் தொடங்கியது. உள்ளே ஹென்றி லாங்லி கட்டிய 1872ஆம் ஆண்டுச் சிற்றாலயம் இருக்கிறது. நகரத்தின் முதல் மேயர் வில்லியம் லையன் மெக்கன்சி அங்கேதான் அடக்கம். எதிரே முன்பு மிருகக்காட்சிசாலை இருந்த இடத்தில் ரிவர்டேல் பண்ணை, பிள்ளைகளோடு போனால் ஆடு மாடு பார்க்கலாம்.

வீடு வாங்கியவர்கள் அதன் சரித்திரத்தைத் தேடுவதையும் ஒரு வேலையாகவே செய்ய வேண்டும், அது சுவருக்கும் உதவும். சார்ள்ஸ் கோட் என்பவர் தீக் காப்புறுதிக்காக 1884இல் இருந்து வெளியிட்ட ரொறன்ரோ வரைபடங்களில் செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக் கட்டடம் மஞ்சள். உங்கள் வீட்டின் பின்பகுதி மஞ்சளாக இருந்தால், இன்று அங்கே தெரிகிற செங்கல்லுக்குள் பழைய மரச்சுவர் ஒளிந்திருக்கலாம், உடைக்க முன் அது தெரிந்திருப்பது நல்லது. எந்த வருசத்து வரைபடத்தில் வீடு முதலில் தோன்றுகிறது என்று பார்த்தால் கட்டிய காலமும் பிடிபடும். யார் இருந்தார், என்ன தொழில் என்று அறிய பழைய நகர விவரக் கொத்துகள் இருக்கின்றன. பொது நூலகம் அவற்றை இணையத்தில் போட்டிருக்கிறது. வரி மதிப்பீட்டுப் பதிவுகள் ஸ்பாடைனா ரோட்டில் உள்ள மாநகர ஆவணக் காப்பகத்தில். பெயர்களுக்கு எதிரே தச்சர், அச்சுக் கோப்பவர், குதிரை வண்டிக்காரர் என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அந்தக் காலத்துக்குப் பிறகு சில வீதிகளின் பெயரும் வீட்டு இலக்கமும் மாறியிருக்கின்றன. ஆகவே இலக்கத்தை நம்பாமல், சந்தி மூலையில் உள்ள வீட்டில் இருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வாருங்கள்.